நற்செய்திக் காட்சிக்குள் நின்று செபித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் செபமுறை என்ன?

நற்செய்தி நூல்களிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறோம். அது இப்போது நம் கண்முன் நடப்பதாக எண்ணி, அங்கே இருப்பவர்களோடு நாமும் இருக்கிறோம். இயேசுவைப் பார்க்கிறோம், அவர் பேசுவதைக் கேட்கிறோம், கடைசியில் நாமே அவரோடு பேசுகிறோம். காட்சித் தியானம் என்று இதைப் பலர் அழைக்கிறார்கள்.

விவிலியத்தைத் திறந்ததும் "இந்தப் பகுதி என்ன கற்பிக்கிறது?" என்று கேட்கவே நாம் பழகியிருக்கிறோம். அது நல்ல கேள்வி. மறையுரைக்கும் விவிலிய வகுப்புக்கும் அது வேண்டும். செபத்தில் மட்டும் அதைச் சிறிது நேரம் ஒத்திவைக்கச் சொல்கிறேன். பாடத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சொன்னவரின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விட முடிகிறது. பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் செபிக்கிறார்கள்.

இதைத் தொடங்கியவர் யார்?

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பெயரோடு இது இணைந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு முன்பே இது இருந்தது. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமைக் கண்முன் நிறுத்தினார். 14ஆம் நூற்றாண்டில் சாக்சனியைச் சேர்ந்த லுடோல்ஃப் என்ற கார்த்தூசியத் துறவி கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். நிகழ்ச்சிகள் நடக்கும் இடத்திலேயே இருப்பதாக எண்ணி, பார்த்துக் கேட்டு வாசிக்கும்படி அது வாசகரை அழைத்தது.

1521 மே மாதம் ஸ்பெயினின் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய இஞ்ஞாசியார், லொயோலாவில் தம் வீட்டில் படுத்த படுக்கையானார். வீரக் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தவை லுடோல்ஃபின் நூலும் புனிதர்களின் வரலாறும்தான். 1522–23இல் மன்ரேசாவில் தங்கிச் செபித்தபோது அவர் குறித்துக்கொண்டவை வளர்ந்து ஆன்மீகப் பயிற்சிகள் என்ற சிறு நூலாயின. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அந்த நூல் நான்கு 'வாரங்களாக', அதாவது நான்கு கட்டங்களாக, அமைந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து இயேசுவின் வாழ்வும் பாடுகளும் உயிர்ப்பும் பெரும்பாலும் இந்த முறையில்தான் செபிக்கப்படுகின்றன.

நற்செய்தியில் இல்லாததை நான் சேர்ப்பது தவறில்லையா?

இந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. இறைவார்த்தையின் மீது உள்ள பயபக்தியிலிருந்து அது வருகிறது.

இஞ்ஞாசியாரே என்ன செய்தார் என்று பாருங்கள். மரியாவும் யோசேப்பும் பெத்லகேமுக்குப் போகும் காட்சியில் மரியா கழுதைமேல் அமர்ந்து செல்வதாக எண்ணலாம் என்கிறார். லூக்கா நற்செய்தியில் கழுதை இல்லை. அங்கே செபிப்பவர் தம்மையும் ஓர் எளிய பணியாளாக நிறுத்தி, அவர்களைப் பார்த்துக்கொண்டும் அவர்களுக்குத் தேவையானதைச் செய்துகொண்டும் இருக்கச் சொல்கிறார். ஆனால் அதே நூலின் தொடக்கத்தில், பயிற்சி கொடுப்பவர் நிகழ்ச்சியை உள்ளது உள்ளபடி, சுருக்கமாக எடுத்துச்சொல்ல வேண்டும் என்றும் அழுத்திச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்துதான் முறை. நற்செய்தி சொல்லாமல் விட்ட இடத்தை மனம் நிரப்பலாம். சொன்னதை மாற்றக் கூடாது.

சில வேளை மனம் மாற்றித்தான் காட்டும். இயேசு உங்களைப் பார்க்காமலே கடந்து போவதுபோலத் தோன்றலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது உங்கள் உள்ளத்தில் வெகுநாளாக இருக்கும் ஓர் அச்சத்தின் முகம். "நீர் என்னைக் கடந்து போய்விடுவீர் என்றுதான் நான் நினைக்கிறேன்" என்று அவரிடமே சொல்லுங்கள். சொல்லிவிட்டு விவிலியத்தைத் திரும்பத் திறந்து அங்கே எழுதியிருப்பதை வாசியுங்கள்.

ஒரு பகுதியை வைத்துக் காட்ட முடியுமா?

மாற்கு நற்செய்தி 10:46–52ஐ எடுத்துக்கொள்வோம். இயேசு சீடர்களோடும் பெருங்கூட்டத்தோடும் எரிகோவை விட்டுப் புறப்படுகிறார். திமேயுவின் மகன் பர்த்திமேயு, பார்வையற்றவர், வழியோரம் அமர்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறார். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டு, "இயேசுவே, தாவீதின் மகனே, எனக்கு இரங்கும்" என்று கத்துகிறார். பேசாதிருக்குமாறு பலர் அதட்டுகிறார்கள். அவர் இன்னும் உரக்கக் கத்துகிறார். இயேசு நிற்கிறார், கூப்பிடச் சொல்கிறார். பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்து வருகிறார். என்ன வேண்டும் என்று இயேசு கேட்க, பார்வை வேண்டும் என்கிறார், பெறுகிறார், இயேசுவின் பின்னே வழி நடக்கிறார்.

பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். பிறகு உட்காரப்போகும் இடத்திலிருந்து ஓரிரு அடி தள்ளி நில்லுங்கள். இயேசு கற்பித்த செபத்தைச் சொல்ல ஆகும் நேரம் அளவுக்கு, கடவுள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் நினையுங்கள். இதை இஞ்ஞாசியாரே சொல்லியிருக்கிறார், பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டாம். நாம் அவரைப் பார்க்கத் தொடங்கும் முன்பே அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தச் செபம் முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது.

அடுத்து, இடம். எரிகோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே கிடக்கும் வெப்பமான ஊர். பேரீச்சை மரங்களின் நகர் என்று பழைய ஏற்பாடு அதை அழைக்கிறது. அங்கிருந்து எருசலேமுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். வழியெல்லாம் வறண்ட மலை, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். பாஸ்கா விழா நெருங்குகிறது, போகிறவர்கள் திருப்பயணிகள். அடுத்த அதிகாரத்திலேயே இயேசு எருசலேமுக்குள் நுழைகிறார். அந்த ஏற்றத்தின் முடிவில் சிலுவை நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். சீடர்களிடம் சற்றுமுன்தான் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த நடையில்தான் ஒரு பிச்சைக்காரரின் குரலுக்காக நிற்கிறார்.

இப்போது வேண்டுதல். உங்களுக்கு இன்று தேவையான அருளை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், "ஆண்டவரே, உம்மை அறியவும் அறிந்து அன்பு செய்யவும் உம் பின்னே வரவும் அருள்தாரும்" என்பது போதும்.

பிறகு காட்சிக்குள் செல்லுங்கள். பர்த்திமேயுவின் அருகே தரையில் உட்காருங்கள். காலடிகள், பேச்சொலி, கிளம்பும் புழுதி. அவர் கத்துகிறார். உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறதா? அதட்டுபவர்களில் ஒருவராக நீங்களே இருக்கிறீர்களா? அதட்டியவர்களைச் சற்று நேரம் கவனியுங்கள். இயேசு நேரே பர்த்திமேயுவிடம் போகவில்லை, "அவரைக் கூப்பிடுங்கள்" என்கிறார். வாயை மூடச் சொன்ன கூட்டமே இப்போது, "துணிவுடன் எழுந்து வாரும், இயேசு உம்மைக் கூப்பிடுகிறார்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று குணமானவர் ஒருவர் மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

மேலுடையைப் பாருங்கள். ஏழையின் மேலுடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் சட்டம். இரவில் போர்த்திக்கொள்ள அவனிடம் வேறு எதுவும் இல்லை. பர்த்திமேயு அதை எறிகிறார். பார்வை கிடைக்கும் முன்பே எறிகிறார். கிடைக்காவிட்டால் அதை எங்கே தேடி எடுப்பார்?

இயேசு கேட்கிறார்: "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" இங்கே நில்லுங்கள். கதையை முடிக்க அவசரப்பட வேண்டாம். இயேசு உங்கள் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்கட்டும். மனத்தில் முதலில் வருவதைச் சொல்லுங்கள், அது செபத்துக்குத் தகுதியற்றதாகத் தோன்றினாலும். கடன், கோபம், உடல்நலம், ஒருவர் மேல் உள்ள வெறுப்பு, எதுவானாலும். நண்பர் நண்பரோடு பேசுவதுபோலப் பேச வேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். பேசுங்கள், பேசாமலும் இருங்கள். காட்சி முழுவதும் இந்தப் பேச்சுக்காகத்தான். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு சொல்கூட அவரிடம் சொல்லாமல் எழுந்தால் அது வெறும் கற்பனையாகவே நின்றுவிடும்.

இயேசு கற்பித்த செபத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பிறகு இடத்தை மாற்றிக் கால்மணி நேரம் வரை உட்கார்ந்து, எங்கே மனம் இளகியது, எங்கே விலகியது என்று திரும்பிப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் சில வரிகள் எழுதிவைப்பது நல்லது.

எனக்கு மனக்கண்ணில் எதுவுமே தெரிவதில்லை. இந்தச் செபம் எனக்கு ஆகாதா?

ஆகும். மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. இதனாலேயே விட்டுவிட்டவர்கள் பலர். அதனால்தான் பர்த்திமேயுவைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பகுதியை அவர் பக்கமிருந்து வாசியுங்கள். கடைசிக்கு முந்தைய வரி வரை அவருக்கு ஒரு படமும் இல்லை. இயேசுவின் முகம் தெரியாது, உயரம் தெரியாது, எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுகூடக் குரலை வைத்துத்தான். அவரிடம் இருந்தவை ஒரு பெயர், ஒரு தேவை, ஒரு குரல். அதைவிடச் சிறந்த செபத்தை அந்தக் கூட்டத்தில் கண் தெரிந்த எவரும் செபிக்கவில்லை.

சிலருக்கு மனத்தில் உருவங்கள் தோன்றுவதே இல்லை. அது பிறவி இயல்பு, குறை அல்ல. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவியான அவிலா நகர்ப் புனித தெரேசா தமக்குக் கற்பனைத் திறன் மிகக் குறைவு என்றும், மற்றவர்களைப்போல் மனத்தில் உருவங்களை அமைத்துக்கொள்ள முடியவில்லை என்றும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனாலும் கெத்சமனி தோட்டத்தில் இயேசு தனியே இருந்த வேளையில் அவரோடு இருக்கத் தெரேசாவுக்குப் பிடித்திருந்தது. தூங்கும் முன் பல ஆண்டுகள் அந்த நிகழ்ச்சியையே நினைத்து வந்தார். இருட்டறையில் பக்கத்தில் ஒருவர் இருப்பது பார்க்காமலே தெரியும் அல்லவா? தெரேசா சொன்னது ஏறத்தாழ அதுதான்.

ஆகவே பார்க்க முடியாதவர்கள் கேளுங்கள். ஒலியும் வராதவர்கள், "இங்கே அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன்" என்ற எண்ணத்தோடு பகுதியை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் பிறகு அவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.

காட்சியில் நான் யாராக இருக்க வேண்டும்?

விதி ஏதும் இல்லை. மனம் எங்கே போய் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். அதுவே பெரும்பாலும் உங்களைப் பற்றிச் சொல்லும்.

பர்த்திமேயு பகுதியில் யாக்கோபின் அல்லது யோவானின் இடத்தில் ஒருமுறை நின்று பார்க்கச் சொல்வேன். அதே 10ஆம் அதிகாரத்தில், சற்று முன்னால், அவர்கள் இருவரிடமும் இயேசு இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அவர்கள் கேட்டது அவருக்கு வலப்புறமும் இடப்புறமும் அமரும் இடம். இப்போது தெருவோரப் பிச்சைக்காரரிடம் அதே கேள்வி கேட்கப்படுவதை அருகில் நின்று கேட்கிறார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று மாற்கு சொல்லவில்லை. நம் விருப்பங்களை நாம் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

மத்தேயுவில் இரண்டு பேர், மாற்குவில் ஒருவர். எதை எடுப்பது?

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் பெயரில்லாத இருவர். லூக்கா 18இல் இயேசு எரிகோவை நெருங்கும்போதே இது நடக்கிறது. செபத்தில் இவற்றை ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒரு நற்செய்தியாளரைத் தேர்ந்து அவரோடேயே இருங்கள். வேறுபாடுகளை ஆராய்வதற்கு நல்ல விளக்கவுரைகள் இருக்கின்றன. அந்த வாசிப்பைச் செபத்துக்கு முன்னாலோ வேறொரு நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இயேசு என்னிடம் சொன்னதாகத் தோன்றுகிறது. அது அவர் குரலா, என் மனமே பேசிக்கொள்கிறதா?

உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. செபத்தில் தோன்றிய சொற்களை வெளிப்பாடு என்று அறிவிப்பது ஆபத்து. ஆனால் அவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

லொயோலாவில் படுத்திருந்தபோது இஞ்ஞாசியார் இரண்டு வகைக் கனவுகள் கண்டார். ஓர் உயர்குலப் பெண்மணிக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். இனிமையாக இருக்கும், ஆனால் முடிந்தபின் உள்ளம் வறண்டு கிடக்கும். பிரான்சிஸையும் தோமினிக்கையும்போல் வாழ்வதாகக் கற்பனை செய்தால், கற்பனை முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியிருக்கும். அந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் ஆவியைத் தெளிந்தறிய, அதாவது உள்ளத்தில் எழும் தூண்டுதல் கடவுளிடமிருந்து வருகிறதா என்று பிரித்தறிய, அவர் வகுத்த நெறிகளுக்கு விதை. ஆகவே செபத்தின்போது எப்படி இருந்தது என்பதோடு நிறுத்தாமல், மாலையிலும் மறுநாளும் என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். அமைதியா? பிறர்மேல் இரக்கமா? அல்லது எரிச்சலும் கர்வமுமா?

நற்செய்தியில் இயேசு பேசும் விதத்தோடும் ஒப்பிடுங்கள். அவர் கண்டிப்பார், உண்மையைச் சொல்வார். நொறுங்கியவரை மேலும் நசுக்கமாட்டார். "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஒரு குரல் கேட்டால் அது அவருடையது அல்ல. வேலை, திருமணம், துறவு போன்ற முடிவுகளை ஒரே ஒரு செபத்தில் தோன்றியதை வைத்து எடுக்காதீர்கள். அனுபவமுள்ள ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் பேசுங்கள்.

மனம் அலைபாய்கிறது, தூக்கமும் வருகிறது.

எல்லாருக்கும் வரும். அலைந்தது தெரிந்ததும் பகுதியின் ஏதாவது ஒரு வரிக்குத் திரும்புங்கள், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே கவலை மீண்டும் மீண்டும் வந்தால் அதை விரட்டாமல் காட்சிக்குள் கொண்டுபோய் இயேசுவிடம் கொடுங்கள். தூக்கம் வந்தால் செபிக்கும் நேரத்தையோ உடலை வைத்திருக்கும் நிலையையோ மாற்றுங்கள்: முழங்காலிடலாம், நிற்கலாம், உட்காரலாம், மல்லாந்து படுக்கவும் இஞ்ஞாசியார் அனுமதிக்கிறார். எந்த நிலையில் தேடியது கிடைக்கிறதோ அதிலேயே இருங்கள் என்பது அவர் அறிவுரை.

எவ்வளவு நேரம்?

ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் ஒரு மணி நேரம் சொல்லப்படுகிறது. அன்றாட வாழ்வில் தொடங்குபவருக்கு இருபது நிமிடம் தாராளம். எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்து, வறட்சியான நாளிலும் அதைக் குறைக்காமல் இருப்பதே முக்கியம்.

ஒரே பகுதியை மறுநாளும் எடுக்கலாமா?

எடுக்க வேண்டும். இஞ்ஞாசியார் திரும்பச் செய்தலைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார். முதல் நாள் மனம் புதுமையைத் தேடிச் சுற்றிவரும். மறுநாள் அது தணிந்திருக்கும். முழுக் காட்சியையும் மீண்டும் ஓட்ட வேண்டாம். ஆறுதலோ எதிர்ப்போ எந்த இடத்தில் எழுந்ததோ அங்கே மட்டும் போய் நில்லுங்கள். நிறைய அறிவது உள்ளத்தை நிரப்பாது, உள்ளூர உணர்ந்து சுவைப்பதே நிரப்பும் என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்கிறார். நாள்தோறும் புதுப் பகுதி தேடி ஓடுகிறவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய காயங்கள் கிளறப்பட்டால்?

கற்பனை ஆழமாகத் தொடும். ஆகவே இது நடக்கக்கூடும். வன்முறையை அனுபவித்தவர்களுக்கு இயேசுவின் கைது, சாட்டையடி போன்ற காட்சிகள் தாங்கமுடியாதவையாக இருக்கலாம். நிறுத்திவிடுங்கள், அது நம்பிக்கைக் குறைவு அல்ல. கண்களைத் திறந்து, தெரிந்த ஒரு திருப்பாடலை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பத்தக்க ஒருவரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடமும். சிலுவையை எல்லாரும் அருகில் நின்று பார்க்கவில்லை. தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி மாற்கு எழுதுகிறார். தொலைவில் நிற்பதற்கும் நற்செய்தியில் இடம் உண்டு.

கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இப்படிச் செபிக்கலாமா?

தாராளமாக. வேண்டியவை நற்செய்தி நூலும் இயேசுவைத் தேடும் மனமும்தான். வேறு திருச்சபைகளைச் சேர்ந்த பலரும் இன்று இதைப் பின்பற்றுகிறார்கள்.

எந்தப் பகுதிகளில் தொடங்கலாம்?

ஆட்களும் இடமும் அசைவும் உள்ள பகுதிகளில். மாற்கு 4:35–41 மிக நல்லது: கலிலேயக் கடல் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி, மலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடப்பதால் காற்று திடீரென இறங்கும், படகின் பின்பக்கம் தலையணை வைத்து இயேசு உறங்குகிறார். உடன் வேறு படகுகளும் சென்றதாக மாற்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்தப் படகுகளில் ஒன்றில் ஏறியும் செபிக்கலாம். லூக்கா 19இல் சக்கேயு, லூக்கா 10இல் மார்த்தா, மரியா வீடு, யோவான் 21இல் கரி நெருப்பருகே காலை உணவு ஆகியவையும் ஏற்றவை.

யோவான் 14 முதல் 17 வரையுள்ள நீண்ட உரைகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றை ஒவ்வொரு வசனமாக, மெதுவாக வாசித்து அசைபோடுவதே நல்லது. பாடுகளின் காட்சிகளைச் சில மாதங்கள் கழித்து எடுங்கள். இஞ்ஞாசியாரும் அவற்றை மூன்றாம் வாரத்துக்கென்றே வைத்தார், இயேசுவோடு நெடுந்தூரம் நடந்து பழகிய பிறகு.